அறிஞர் வாழ்ந்த வீட்டில் நினைவுப் பலகை: வீட்டைத் தேடுவதிலிருந்து கல்லைப் பதிப்பது வரை

சென்னைத் திருவல்லிக்கேணியில், பிள்ளையார் கோயில் தெருவில், 'தியாகராச விலாசம்' என்றொரு வீடு இருந்தது. 1903இல் கும்பகோணம் கல்லூரியிலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்த உ.வே. சாமிநாதையர், தமக்குக் கும்பகோணத்தில் தமிழாசிரியர் வேலை கிடைக்கக் காரணமாயிருந்த தியாகராச செட்டியாரின் பெயரை அந்த வீட்டுக்கு இட்டிருந்தார். 2012இல் அந்த வீட்டை இடிக்கத் தொடங்கிய செய்தி நாளேடுகளில் வந்தது. அத்தெரு வழியாகப் பலமுறை நடந்திருந்தும், செய்தியைப் படித்த பிறகே அப்படியொரு வீடு அங்கே இருந்ததை அறிந்தவர்களில் நானும் ஒருவன்.

நினைவுப் பலகை வைத்திருந்தால் வீடு தப்பியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. வீடுகளில் பலகை வைக்கும் வழக்கத்துக்கு முன்னோடியான லண்டனில், 1867இல் முதற்பலகையைப் பெற்றது ஹோல்ஸ் தெருவில் கவிஞர் பைரன் பிறந்த வீடு. 1889இல் அதை இடித்துவிட்டார்கள். பலகையால் ஆகக்கூடியது அதைவிடச் சிறிய வேலை. இன்னார் இங்கே இருந்தார் என்னும் செய்தியை, அதைத் தேடி வராதவருக்கும் அது சொல்லும். அச்செய்தி சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்ய வேண்டியிருக்கிறது. நூலில் நேர்ந்த பிழையை அடுத்த பதிப்பில் திருத்தலாம், கல்லில் ஏறிய பிழை வீட்டுச் சுவரோடு இருந்துவிடும்.

யாருக்கு, எந்த வீட்டில்

லண்டன் திட்டத்தை 1863இல் நாடாளுமன்றத்தில் முன்மொழிந்தவர் வில்லியம் எவார்ட். 1866இல் கலைச் சங்கம் அதை ஏற்று நடத்தத் தொடங்கியது. 1901இல் லண்டன் கவுண்டி மன்றத்திடமும், பின்னர் 1965இல் பெருநகர லண்டன் மன்றத்திடமும் சென்று, 1986 முதல் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. இத்தனை காலப் பழக்கத்தில் உருவான அதன் விதிகளை நாம் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லையென்றாலும், சிலவற்றை எடுத்துக்கொள்வது நம்மைப் பல சச்சரவுகளிலிருந்து காப்பாற்றும். சிறப்பிக்கப்படுபவர் மறைந்து குறைந்தது 20 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானது. ஒருவர் மறைந்த சூட்டில், அவருடைய மாணவர்களும் கட்சிக்காரர்களும் குடும்பத்தாரும் ஆளுக்கொரு கருத்தோடு இருக்கும்போது, பலகை வாசகம் இரங்கற்பாவாகிவிடும். ஒருவருக்கு ஒரே பலகை என்பது இன்னொரு விதி. வீடு அவர் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்ளும் நிலையில் எஞ்சியிருக்க வேண்டும் என்பது மூன்றாவது.

இந்த மூன்றாவது விதியை அப்படியே வைத்துக்கொண்டால் நம் ஊர்களில் பலகை வைக்கத்தக்க வீடு மிகக் குறைவாகவே தேறும். திண்ணையும் முற்றமுமாக இருந்த வீடுகள் அடுக்குமாடிகளாகிவிட்டன. சில இடங்களில் மனை மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஆகவே, வீடு இருந்தால் 'இவ்வீட்டில் வாழ்ந்தார்' என்றும், இல்லாவிட்டால் 'இவ்விடத்தில் இருந்த வீட்டில் வாழ்ந்தார்' என்றும் எழுதுவதே முறை. லண்டனிலும், 'சிட்டி' எனப்படும் பழைய நகர்ப் பகுதியை ஆளும் மாநகராட்சி, மறைந்துபோன கட்டடங்களின் இடங்களைக் குறிப்பதற்காகவும் தனியாக நீள்சதுரப் பலகைகளை வைத்திருக்கிறது. புதுக் கட்டடத்தில் 'இவ்வீட்டில்' என்று எழுதிவைப்பது மட்டும் கூடாது, அது பொய்.

அறிஞர்கள் ஒரே வீட்டில் இருந்தவர்கள் அல்லர். ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் லண்டனில் குடியிருந்த பல வீடுகளில், கஃப் சதுக்கத்து 17ஆம் எண் வீட்டில்தான் 1755இல் வெளியான அகராதியின் வேலை மாடியறையில் நடந்தது. அந்த வீட்டில் பலகை இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சாமிநாதையருக்கு உத்தமதானபுரத்தில் பிறந்த வீடு உண்டு. அதை அரசு நினைவில்லமாக வைத்திருக்கிறது. ஆனால் சீவகசிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அச்சேறியபோது அவர் கும்பகோணத்தில் இருந்தார். ஏடுகளை ஒப்புநோக்கிய கைகள் அந்த ஊரில்தான் உழைத்தன. பிறந்த வீடு, இறந்த வீடு என்னும் இரண்டிலுமே நம் கவனம் நின்றுவிடுகிறது. புலமைக்குரிய பலகை, வேலை நடந்த வீட்டில் இருப்பதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1832இல் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்து, 1901இல் சென்னைப் புரசைவாக்கத்தில் மறைந்தவர். அவருக்கு 'ஒருவருக்கு ஒரு பலகை' என்ற விதியை நானே தளர்த்திவிடுவேன். கடல் கடந்த இரண்டு ஊர்களுக்கும் ஒரே பலகை போதும் என்று சொல்ல மனம் வராது.

வீட்டை உறுதிசெய்தல்

இந்த வேலையில் பெரும்பகுதி நேரம் இங்கேதான் செலவாகும், ஆகவும் வேண்டும். தெருவில் உள்ள முதியவர்கள் கையைக் காட்டி, "அதோ அந்த வீடுதான்" என்பார்கள். அந்தச் சொல் தேடலைத் தொடங்குவதற்கு உதவும், முடிப்பதற்கு உதவாது. நான் ஒருமுறை இப்படி ஒரு வீட்டை மூன்று பேர் உறுதியாகச் சொல்ல, நம்பி வாசகம்வரை எழுதிவிட்டு, பிறகு பழைய பத்திரத்தைப் பார்த்தபோது அறிஞரின் வீடு எதிர்வாடையில் இருந்ததை அறிந்தேன். மூவரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அதைச் சொன்ன ஒரே பெரியவர் தவறாகச் சொல்லியிருந்தார். அதனால், அறிஞர் உயிரோடிருந்த காலத்து எழுத்துச் சான்றுகள் இரண்டு, ஒன்றையொன்று பார்த்து எழுதப்படாதவை, ஒரே முகவரியைக் காட்டினாலன்றி மேலே செல்லக் கூடாது என்பதை நான் விதியாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அவருடைய நூல்களின் முதற்பதிப்புகளைப் பாருங்கள். பழைய தமிழ் நூல்களின் முகப்புப் பக்கத்தில் நூல் கிடைக்குமிடமும், முன்னுரையின் அடியில் ஊரும் தேதியும் அச்சாகியிருக்கும். நூலைத் தாமே பதிப்பித்து விற்ற அறிஞர்களுக்கு அந்த 'கிடைக்குமிடம்' பெரும்பாலும் வீட்டு முகவரியே. மறுபதிப்புகளில் இவை மாறியிருக்கும் அல்லது விடுபட்டிருக்கும் என்பதால் முதற்பதிப்பையே பார்க்க வேண்டும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூல்நிலையமும் இதற்கு ஏற்ற இடங்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் படிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

அடுத்தவை கடிதங்கள். அறிஞருக்கு வந்த உறைகளிலும் அஞ்சலட்டைகளிலும் முகவரியும் அஞ்சல் முத்திரையின் தேதியும் ஒரே தாளில் இருப்பதால், நூல் முகப்பைவிட இவை வலுவான சான்று. குடும்பத்தார் கடிதத்தை வைத்துக்கொண்டு உறையைத் தூக்கிப்போட்டிருப்பார்கள். உறையும் இருக்கிறதா என்று கேட்க மறவாதீர்கள். கல்லூரிகளிலோ அரசு அலுவலகங்களிலோ பணியாற்றியவரானால், மதராஸ் அசைலம் அச்சகத்தார் ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த பஞ்சாங்கத்தின் முகவரித் திரட்டில் அவர் பெயர் அகப்படலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய அரசாணைகளோடு இப்படிப்பட்ட வெளியீடுகளையும் கேட்டுப் பார்க்கலாம்.

தமிழ் ஆண்டில் தேதியிட்ட கடிதங்களைப் படிக்கும்போது இரண்டு பொறிகள் உண்டு. பிரபவ முதல் அட்சய வரையிலான ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பிவருவதால், 'ஆனந்த வருடம்' என்பது 1854–55ஆகவும் இருக்கலாம், 1914–15ஆகவும் இருக்கலாம். ஆண்டு சித்திரையில் பிறப்பதால், தையிலிருந்து பங்குனிவரை எழுதப்பட்டவை ஆங்கில ஆண்டில் அடுத்த ஆண்டுக்குரியவை. சாமிநாதையர் பிறந்தது ஆனந்த வருடம் மாசி மாதம். ஆனந்த வருடம் 1854 ஏப்ரலில் தொடங்கியிருந்தும் அவர் பிறந்த நாள் 1855 பிப்ரவரி 19 ஆவது இதனால்தான். பலகைகளில் காணும் ஓராண்டுப் பிழைகளுக்குப் பெரும்பாலும் இந்தக் கணக்கே காரணம்.

முகவரி கிடைத்த பின்பும் வேலை முடிவதில்லை. சென்னையில் ஒரே வாசலில் 'பழைய எண்', 'புதிய எண்' என்று இரண்டு எண்கள் இருப்பது எல்லாரும் அறிந்தது. அந்தப் 'பழைய' எண்ணுக்கும் முன்பு வேறோர் எண் இருந்திருக்கக்கூடும். தெருப்பெயர்களும் அப்படியே. 1970களின் இறுதியில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டுகளை நீக்கியபோது, ஒரே முதற்பெயர் கொண்ட தெருக்களைப் பிரித்தறிவது கடினமாயிற்று. இந்தக் குழப்பத்திலிருந்து மீள ஒரே வழி, கதவு எண்ணை விட்டுவிட்டு நகர நில அளவை எண்ணைப் பிடிப்பது. இன்றைய உரிமையாளரின் பத்திரத்தில் உள்ள அளவை எண்ணிலிருந்து தொடங்கி, வில்லங்கச் சான்றின் வழியாகவும், அதில் காணும் முந்தைய பத்திரங்களின் எண்களைக் கொண்டும் பின்னோக்கிச் சென்று தாய்ப்பத்திரத்தை எட்ட வேண்டும். கணினியில் கிடைக்காத பழைய காலத்துப் பதிவுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக்கொடுத்து, புத்தகங்களைக் கையால் புரட்டித்தான் பெற முடியும். அறிஞர் வாடகைக்கு இருந்தவரானால் பத்திரத்தில் அவர் பெயர் இராது. வீட்டுக்காரரின் பெயர் கடிதங்களிலோ தன்வரலாற்றிலோ வந்திருந்தால் அதைக் கொண்டு இணைக்கலாம். பத்திரங்களில் எழுதியுள்ள நான்கெல்லை மிக உதவும்: 'இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, கோயில் மதிலுக்கு மேற்கு' என்ற வரியில், மதில் இன்றும் இருக்குமானால், அதுவே போதுமான அடையாளம்.

இவ்வளவுக்குப் பிறகும் தெருதான் உறுதி, வீடு உறுதியில்லை என்று நின்றுவிடுவது உண்டு. அப்போது தெருமுனையில் 'இத்தெருவில் வாழ்ந்தார்' என்று வைப்பதில் குறைவொன்றும் இல்லை.

உரிமையாளரின் ஒப்புதல்

வீடு உங்களுடையது அன்று. அறிஞரின் பேரர்களிடம் இருக்கும் வீடானால் பேச்சு எளிதில் முடியும் என்று எண்ணலாம். பாகப்பிரிவினை முடியாத வீடானால் ஐந்து பங்காளிகளில் ஒருவர் மறுத்தாலும் காரியம் நின்றுவிடும். வீட்டை விலைக்கு வாங்கிய வேற்று மனிதர்களோடு பேசுவதே பலநேரங்களில் எளிது என்பது என் அனுபவம்.

அவர்களுக்கு இருக்கும் அச்சம் ஒன்றுதான்: இன்றைக்குப் பலகை வைப்பார்கள், நாளைக்கு நினைவில்லம் ஆக்க வேண்டும் என்று அரசு வீட்டை எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டாலும் விற்கவோ இடித்துக் கட்டவோ விடமாட்டார்கள். இந்த அச்சத்தைச் சிரித்துத் தள்ளக் கூடாது. அறிஞர்களும் தலைவர்களும் வாழ்ந்த வீடுகள் அரசுடைமையானதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். தனியார் வைக்கும் பலகையால் சட்டப்படி எந்தக் கட்டுப்பாடும் வராது, லண்டனில்கூட இந்தப் பலகையால் வீட்டுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைப்பதில்லை என்பதை எடுத்துச்சொல்லி, அதை எழுத்திலும் கொடுங்கள். ஒரு பக்க ஒப்பந்தம் போதும். பலகையின் அளவு, பொருள், முழு வாசகம், பதிக்கும் இடம், செலவு முழுவதும் உங்களுடையது என்பது, வீட்டின் மீது உங்களுக்கு எவ்வுரிமையும் இல்லை என்பது, பார்வையாளர்களை உள்ளே விடும் கடமை உரிமையாளருக்கு இல்லை என்பது, வீட்டை இடிக்க நேர்ந்தால் பலகையைத் திருப்பித்தர இத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது ஆகியவற்றை அதில் எழுதி, இருதரப்பும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் சொன்ன முன்னறிவிப்பை உரிமையாளர்கள் மறுப்பதில்லை. நமக்கோ அது விலைமதிப்பற்றது. இடிப்பதற்கு முன் வீட்டைப் படமெடுத்து அளந்து வைக்க ஒரு வாரமாவது கிடைக்கும்.

அடுக்குமாடியானால் குடியிருப்போர் சங்கத்தின் தீர்மானம் வேண்டும். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ள வீடானால், சென்னையில் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கீழ் உள்ள பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. நடைபாதையிலோ தெருமுனையிலோ தனித் தூணில் வைப்பதானால் உள்ளாட்சி அமைப்பின் எழுத்து அனுமதி இல்லாமல் தொடங்காதீர்கள்.

வாசகம்

ஆக்ஸ்ஃபோர்டில் பான்பரி சாலை 78ஆம் எண் வீட்டில் ஒரு நீலப் பலகை இருக்கிறது. ஜேம்ஸ் மரே, 1837–1915, அகராதியியலாளர், ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர், 1885 முதல் 1915 வரை இங்கே வாழ்ந்தார் என்பதுதான் அதன் செய்தி. முப்பது ஆண்டுகள் தோட்டத்துக் கொட்டகையில் அமர்ந்து சொற்களைத் தொகுத்தவர், அவருக்கு வந்துபோன கடிதங்களின் பெருக்கத்தால் வீட்டு வாசலிலேயே அஞ்சல் பெட்டி வைக்க வேண்டியிருந்தது என்பவை எல்லாம் சுவையான செய்திகள்தாம். ஆனால் ஒன்றும் பலகையில் இல்லை. பெயர், பிறப்பு இறப்பு ஆண்டுகள், என்ன செய்தார், இந்த இடத்தோடு என்ன தொடர்பு, எப்போது என்னும் ஐந்து செய்திகளுக்கு மேல் பலகை தாங்காது.

நம்மூர்க் கல்வெட்டுகளின் இலட்சணம் உங்களுக்குத் தெரியும். திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர், தலைமை தாங்கியவர் என மூன்று பெயர்கள் பொன்னெழுத்தில் பெரிதாக இருக்க, யாருக்காகக் கல் நட்டார்களோ அவர் பெயர் நடுவில் எங்கோ சிறிதாக இருக்கும். இந்தப் பலகையில் அறிஞரின் பெயரைத் தவிர வேறு மனிதரின் பெயர் எதுவும் வேண்டாம். பலகையை வைத்த அமைப்பின் பெயரை, வைத்த ஆண்டோடு, அடியில் மிகச் சிறிய எழுத்தில் போடலாம். பிற்காலத்தில் சான்று கேட்பவருக்கு யாரை அணுகுவது என்று தெரிய அது தேவை. நன்கொடையாளர்களுக்கு நன்றி சொல்ல அழைப்பிதழ் இருக்கிறது.

புகழ்மொழிகளையும் விட்டுவிடுங்கள். 'சங்க இலக்கியத்தை முதன்முதலில் அச்சேற்றியவர்' என்பதுபோன்ற தொடர்கள் நாவில் எளிதாக வரும். ஆனால் சாமிநாதையரின் சிந்தாமணி வெளிவந்த அதே 1887இல் கலித்தொகையைத் தாமோதரம்பிள்ளை பதிப்பித்திருந்தார் என்பதை அறிந்தவர், அப்படிப்பட்ட பலகையின் முன் நின்றால் முகஞ்சுளிப்பார். 'முதல்', 'ஒரே', 'மாபெரும்' என்னும் சொற்கள் வாசகத்தில் இருந்தால் அடித்துவிடுங்கள். பட்டங்களிலும் சிக்கனம் வேண்டும். மகாமகோபாத்தியாயர், தாக்ஷிணாத்ய கலாநிதி, டாக்டர், தமிழ்த் தாத்தா என எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினால் பெயர் மூன்றாவது வரிக்குப் போய்விடும். மக்கள் வழங்கும் ஒன்றை வைத்துக்கொள்ளலாம், அதுவும் இடமிருந்தால். இன்று இல்லாத தியாகராச விலாசத்தின் மனையில் ஒரு பலகை வைக்க வாய்ப்புக் கிடைத்தால் நான் எழுதக்கூடியது இவ்வளவுதான்:

உ.வே. சாமிநாதையர்
1855–1942
பழந்தமிழ் நூல்களின் பதிப்பாசிரியர்
இவ்விடத்தில் இருந்த
'தியாகராச விலாசம்' என்னும் வீட்டில்
வாழ்ந்தார்

வாழ்ந்த ஆண்டுகளை இதில் சேர்க்கவில்லை. பத்திரமும் கடிதமும் கையில் இருந்து, தொடக்க ஆண்டும் இறுதி ஆண்டும் ஐயமற்றுத் தெரிந்த பிறகே அவற்றை எழுத வேண்டும். ஏறத்தாழ என்ற சொல் கல்லுக்கு உதவாது.

பெயரை அவர் எப்படி ஒப்பமிட்டாரோ, அல்லது தம் நூல்களின் முகப்பில் எப்படி அச்சிட்டாரோ, அப்படியே எழுத வேண்டும். சாமிநாதையரா சாமிநாத ஐயரா, தாமோதரம்பிள்ளையா தாமோதரம் பிள்ளையா என்பதைக் கல்தச்சரின் முடிவுக்கு விடக் கூடாது. சாதிப் பெயரை நீக்கலாமா என்ற கேள்வியும் எழும். அவர் வாழ்நாள் முழுவதும் அதோடு எழுதியிருந்தால் வைத்திருப்பதும், அவரே துறந்திருந்தால் நாமாக ஒட்டாமல் இருப்பதும் முறை. வேதாசலம் மறைமலையடிகள் ஆன பிறகு அவருடைய பலகையில் பழைய பெயரைப் போட நமக்கு உரிமையில்லை.

இன்னொன்று, கூச்சமில்லாமல் சொல்கிறேன்: வாசகத்தை ஒரு தமிழாசிரியரிடம் காட்டிச் சந்திப்பிழை பார்த்துவிடுங்கள். வாழ்நாள் முழுவதும் ஏட்டுக்கு ஏடு மாறும் பாடபேதம் பார்த்த ஒருவரின் வீட்டு வாசலில் 'தமிழ் தாத்தா' என்று ஒற்றை விழுங்கிய பலகை நிற்பதைவிடப் பலகையே இல்லாமலிருப்பது மேல்.

பொருளும் எழுத்தும்

லண்டன் பலகைகள் சுட்ட மண்ணில் வார்த்து மெருகிட்டவை. 495 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டங்கள். அந்த நீல வட்டத்தை நாம் நகலெடுக்க வேண்டியதில்லை. கல்லில் எழுத்து வெட்டுவது நமக்குப் பழகிய கலை. ஊருக்கு ஊர் அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். மெருகிட்ட கருங்கல்லில் ஆழமாக வெட்டிய எழுத்து, வண்ணம் உதிர்ந்த பின்பும் படிக்கக் கிடைக்கும். பித்தளை பார்க்க அழகாக இருந்தாலும் திருவல்லிக்கேணி போன்ற கடற்கரைப் பகுதிகளில் உப்புக்காற்றால் விரைவில் கறுக்கும். அதோடு, பழைய உலோகத்துக்கு விலை உள்ளவரை திருட்டுப் போகும். அச்சிட்டு ஒட்டும் அக்ரிலிக் பலகை சில வெயில்காலங்களில் வெளுத்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்துவிடலாம்.

நான் பார்த்தவரை, அகலம் 45 முதல் 60 சென்டிமீட்டருக்குள் இருப்பது வீட்டுச் சுவருக்கு அளவாக இருக்கிறது. எதிர்ப்பக்க நடைபாதையில் நிற்பவருக்குப் பெயராவது தெரிய வேண்டுமானால், பெயரின் எழுத்து உயரம் 4 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. மற்ற வரிகளுக்கு 2.5 சென்டிமீட்டர். தமிழில் சுழிகள் மிகுதி. ண, ஞ, ணை போன்றவற்றைச் சிறிதாக வெட்டினால் சுழியின் உட்பகுதி பெயர்ந்து கறையாகிவிடும். தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதும் இதே கேட்டை விளைவிக்கும். நடுத்தரத் தடிமனும் தாராளமான இடைவெளியும் கொண்ட எழுத்துருவே கல்லுக்கு ஏற்றது.

வாசகத்தைத் தட்டச்சுக் கோப்பாக அனுப்பாதீர்கள். பட்டறைக் கணினியில் பழைய எழுத்துரு இருந்தால் கொம்பும் காலும் இடம்மாறும், புள்ளிகள் மறையும். எழுத்துகளை வெறும் கோட்டு வடிவமாக மாற்றிய கோப்பை அனுப்பி, அதிலிருந்து நேரடியாக மறைப்புத்தாள் (எழுத்தின் வடிவம் வெட்டப்பட்ட, கல்லின் மேல் ஒட்டும் தாள்) வெட்டச் சொல்ல வேண்டும். வெட்டுவதற்கு முன், உண்மையான அளவில் தாளில் அச்சிட்டு, வீட்டுச் சுவரில் ஒட்டி, தெருவின் மறுபக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். இந்த ஒரு தாள் எனக்கு இருமுறை பெருஞ்செலவை மிச்சப்படுத்தியிருக்கிறது. ஒருமுறை இறந்த ஆண்டில் இரண்டு எண்கள் இடம்மாறியிருந்ததைத் தெருவில் நின்று பார்த்த பள்ளிச் சிறுவன்தான் சுட்டிக்காட்டினான். கைப்பேசியால் படிக்கும் விரைவுக் குறியீட்டுக் கட்டத்தை (QR) பலகையில் பொறிக்கச் சொல்பவர்கள் இப்போது மிகுதி. கல்லின் ஆயுளுக்கு இணைய முகவரியின் ஆயுள் ஈடாகாது. வேண்டுமானால் கழற்றி மாற்றக்கூடிய சிறு தகடாகக் கீழே தனியே வைக்கலாம்.

பதித்தல்

பழைய சென்னை வீடுகளின் சுவர் சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல். அதில் சிமெண்டால் பலகையை ஒட்டுவது கூடாது. சுவருக்குள் ஏறும் ஈரம் சுண்ணாம்பின் வழியாக வெளியேறிக்கொண்டிருக்கும். சிமெண்ட் அதைத் தடுத்தால், பலகையைச் சுற்றிக் காரை பொரிந்து உதிரும். கல்லின் நான்கு மூலைகளிலும் துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளால் பொருத்துவதே நல்லது. கடற்கரையில் 316 தர எஃகையே கேட்டு வாங்க வேண்டும், மலிவான திருகு ஒரே மழைக்காலத்தில் அழுது, கல்லின் மேல் பழுப்புக் கோடு விழச் செய்யும். துளைகள் செங்கல்லை உடைக்காமல், கூடியவரை கல்லுக்கும் கல்லுக்கும் இடைப்பட்ட காரைப்பூச்சில் விழும்படி, பூச்சைச் சிறிது சுரண்டிப் பார்த்து இடம் குறிக்கச் சொல்லுங்கள். பின்னொரு நாள் பலகையைக் கழற்றினாலும் சுவரில் மிஞ்சுவது அடைக்கக்கூடிய நான்கு துளைகளாக இருக்க வேண்டும்.

தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரம் பொருத்தமாக இருக்கும். அதற்குக் கீழே சுவரொட்டிகள் ஏறிவிடும். அதற்கு மேலே கழுத்து நோகும். மின்கம்பிகள், குளிர்சாதனப் பெட்டியின் நீர்க்குழாய், கடையின் சாய்ப்புக் கூரை ஆகியவற்றைப் பதிக்கும் நாளில் அல்லாமல் முன்னரே பார்த்து இடத்தை முடிவுசெய்ய வேண்டும். மதிற்சுவரைவிட வீட்டுச் சுவரே நல்லது, ஏனென்றால் தெரு அகலமாகும்போது முதலில் போவது மதில். திறப்புவிழா எளிமையாக இருக்கட்டும். அறிஞரின் நூலிலிருந்து இரண்டு பக்கம் படித்தால் போதும், பந்தல் போட்டால் போக்குவரத்துக் காவலருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

விழா முடிந்த மறுநாள் ஒரு வேலை பாக்கியிருக்கிறது, பெரும்பாலானோர் செய்யாமல் விடுவது. எந்தச் சான்றுகளைக் கொண்டு இந்த வீடு என்று முடிவுசெய்தீர்கள் என்பதை, பத்திர எண், அளவை எண், கடித உறையின் படம், நூல் முகப்பின் படம் ஆகியவற்றோடு நான்கைந்து பக்கங்களில் எழுதுங்கள். ஒரு படியை உரிமையாளரிடமும், ஒன்றை அந்த ஊர்க் கிளை நூலகத்திலும், ஒன்றை ஆராய்ச்சி நூலகம் ஒன்றிலும் கொடுத்து வையுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, அறிஞரின் பிறந்த நாளை நினைவில் வைத்துக்கொண்டு, வெறும் தண்ணீரும் மென்மையான துணியும் எடுத்துக்கொண்டு போய்க் கல்லைத் துடையுங்கள். அமிலம் கலந்த தரை கழுவும் திரவம் பட்டால் மெருகு போய்விடும். திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, உரிமையாளர் வீட்டில் இருந்தால் கதவைத் தட்டி ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். வீடு கைமாறப்போகிறது என்ற செய்தி உங்களுக்கு அந்தப் பேச்சில்தான் கிடைக்கும்.